காய் நறுக்கும் பலகையும் கத்திப் பலகையும்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பழவேற்காடு ஏரியில் என் கயாக் ஆணி அடித்த மாதிரி நின்றது. கயாக்தான் நின்றது, நான் நிற்கவில்லை. முன்னால் போய்ப் பாய்மரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். இடித்த பதற்றத்தில் கையிலிருந்த பாய்க்கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். செய்யவே கூடாத வேலை அதுதான். பாய் காற்றை முழுக்க வாங்கியது. நடுவில் செருகியிருந்த பலகை அதன் கூட்டுக்குள் இறுகியது. கயாக் அந்தப் பலகையைச் சுற்றி மெல்லத் திரும்பிச் சாயத் தொடங்கியது.

ஐம்பதடி தள்ளி மாமா நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே, தொடையளவு தண்ணீரில்.

"இன்னா மாப்ளே, நங்கூரம் போட்டுக்கினியா?"

நங்கூரம் இல்லை. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, வெர்னியர் வைத்து அளந்து செதுக்கி, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஏரியில் ஓட்டிப் பார்த்து, பிரமாதம் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்ட பலகை அது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்மாவின் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையில். நான் வளர்ந்ததும் இப்போது இருப்பதும் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம்தான் நமக்கு. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக்கொண்டு கிடக்கிறது. இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர். இந்த ஒரு மீட்டரைத்தான் நான் கணக்கில் எடுக்காமல் விட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனாலும் விட்டேன்.

கயாக், சென்னையில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. பதினாலடி நீளம், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் வகை. அதில் மூன்று சதுர மீட்டர் பாய் ஒன்றை ஏற்றி, கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆறங்குல பிவிசி பைப்பை அடைத்துக் கட்டியிருந்தார் முன்னாள் உரிமையாளர். நடுவில் 26 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் அடி வரைக்கும் ஒரு துளை. அதன் வழியாகத் தண்ணீருக்குள் இறக்குவதற்கு ஒரு பலகை. ஆங்கிலத்தில் டாகர்போர்டு என்கிறார்கள், கத்திப் பலகை. கத்தியை உறையில் செருகுகிற மாதிரி மேலிருந்து நேராக இறக்கி, நேராக உருவ வேண்டும்.

பேருக்குத்தான் கத்தி. அவர் கொடுத்தது 25 சென்டிமீட்டர் அகலத்தில், 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வெள்ளை எச்டிபிஇ துண்டு, கெட்டிப் பிளாஸ்டிக். நாலு மூலையும் நாலு விளிம்பும் மொட்டை. கல்யாண மண்டபச் சமையல்கட்டில் காய் நறுக்குவதற்குப் போட்டிருப்பார்களே, அசல் அது.

பலகை எதற்கு என்று தெரியாதவர்களுக்காக: தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு முறத்தைக் குறுக்கே தள்ளிப் பாருங்கள், கை வலிக்கும். அதே முறத்தை விளிம்புப் பக்கமாகத் தள்ளினால் வெட்டிக்கொண்டு போய்விடும். பக்கவாட்டிலிருந்து வரும் காற்று பாயில் மோதி படகை முன்னாலும் தள்ளுகிறது, ஓரமாகவும் தள்ளுகிறது. ஓரமாகப் போவதைப் பலகை மறிக்கும், முன்னால் போவதை மறிக்காது. பலகை இல்லாத தட்டைப் படகில் பாய் கட்டினால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போவீர்கள். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால்தான் மூன்று சதுர மீட்டர் பாயைத் தாங்கிப் பிடிக்க ஒரு முழம் பலகை போதுமாக இருக்கிறது.

பலகை எங்கள் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. மாமாவின் அப்பா கடலில் கட்டுமரம் ஓட்டியவர். "மரத்துல பாயைக் கட்டினா பலகைய எறக்குவோம், கரை வந்தா புடுங்கிக்குவோம். உங்க தாத்தா பலகைய வூட்டுக்கே தூக்கினு வந்துடுவாரு, ராத்திரி அது மேலதான் படுப்பாரு" என்பார் மாமா. ஏரிப் படகுகளுக்கு அவ்வளவு பாடு கிடையாது. தட்டை அடி, கழி ஊன்றிப் போவது, பாயென்றால் காற்றின் நேரம் பார்த்துப் போவது. விடியலில் கரைக்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போகும், மத்தியானம் கடல்காற்று திரும்பக் கொண்டுவந்து விடும். காற்றை எதிர்த்துப் போக வேண்டிய அவசியம் இருந்தால்தானே பலகை. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் லீவு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்கிற வியாதி.

பழைய பலகையோடு ஒரு வருஷம் ஓட்டினேன். காற்றை எதிர்த்து ஒரு வலைக்கழியைக் குறிவைத்துப் போனால், பக்கத்துக் கழிக்குக் கீழே போய் நிற்பேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. பலகை தண்ணீரைச் சற்றே சரிவாக வெட்டும்போதுதான் அதற்குப் பிடி கிடைக்கிறது, விமான இறக்கைக்குக் கிடைக்கிற மாதிரியே. முன் விளிம்பு மொட்டையாக இருந்தால் தண்ணீர் அந்த முனையிலேயே பலகையை விட்டு உரிந்து போய்விடும். அப்புறம் பின்னால் வெறும் சுழிதான். இன்னொன்று அதன் உருவம். குட்டையாக அகலமாக இருக்கிற பலகையின் அடிமுனை வழியாகத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒழுகிவிடும். அதே பரப்பை ஒடுக்கி நீட்டினால் ஒழுகுவது குறையும்.

அதனால் நீளமாக, ஒடுக்கமாக, முன்னால் உருண்டையும் பின்னால் மெலிவுமாக ஒன்று செய்வதென்று முடிவு. 1933ல் அமெரிக்க அரசின் விமான ஆய்வுக் குழுவான நாகா, 78 இறக்கை வடிவங்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து அளவுகளை வெளியிட்டது. அந்த வரிசையில் 0012 என்று ஒன்று. முதல் இரண்டு பூஜ்யம், வடிவம் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதற்கு. கடைசி 12, அகலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கனம் என்பதற்கு. காற்று இடமிருந்தும் வரும் வலமிருந்தும் வரும் என்பதால் படகுப் பலகைக்கு இரு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். என் பலகை 180 மில்லிமீட்டர் அகலம், ஆகவே கனம் 21.6. உச்சக் கனம் முன் விளிம்பிலிருந்து 54 மில்லிமீட்டரில். கயாக்கின் அடிக்குக் கீழே 70 சென்டிமீட்டர் இறங்கும். பழையது 40தான்.

பன்னிரண்டு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டினேன். பிளைவுட்டில் ஒரு வசதி உண்டு, வெளியில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். இழைப்புளி போகப்போக அடுக்குகளுக்கு நடுவே இருக்கிற பசைக்கோடு ஒவ்வொன்றாக வெளியே வரும், மலைப்பாதை வரைபடத்தில் வருகிற உயரக்கோடு மாதிரி. இரண்டு பக்கமும் அந்தக் கோடுகள் ஒரே இடத்தில், நெளியாமல் நேராக ஓடினால் வடிவம் சரி. எங்காவது கோடு வயிறு தள்ளினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வெர்னியர் காட்டாததைக்கூட அந்தக் கோடு காட்டிவிடும். அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட்டைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, வெளிச்சம் கசிகிற இடம் பார்த்துத் தேய்த்தேன். 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 220, அப்புறம் ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்சியும், கடைசியில் தண்ணீர் போட்டு 400. பின் விளிம்பைக் கூராக்காமல் 2 மில்லிமீட்டர் விட்டுச் சதுரமாக வெட்டினேன். கூராக்கினால் முதல் நாளே சிதைந்துவிடும். வீட்டில், "ஒரு பலகைய இப்படித் தடவறியே" என்றார்கள். அதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை.

புதுப் பலகை ஒடுக்கம் என்பதால் துளையில் 8 சென்டிமீட்டர் காலியாக இருந்தது. அதற்கு ஒரு மரக்கட்டை செய்து அடைத்தேன். பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பழைய லாரி டியூப்பை வெட்டி ஒட்டினேன். கட்டையைப் பலகைக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம் அல்லவா? எதிர்பாராமல் கிடைத்த வரம் இது. பலகையை எட்டு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம்.

சோதனைக்கு ஜனவரியில் முதலில் குறித்த நாள் போச்சு. அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட், படகு எடுக்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கரையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். வெளிச்சம் மேலே போய், ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் அந்த உறுமல் ஏரி மேல் உருண்டு வந்தது. மாமாவின் பேரன் அதற்குள் வீட்டுக்குப் போய் முறுக்கு எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு நல்ல வாடைக்காற்று, ஒரே சீராக. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஏரி நிறைந்திருந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டேன். இதில் அம்மா பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் அது பழைய செய்தி ஆகவில்லை.

அளப்பதற்கு மூன்று வழி வைத்திருந்தேன். ஒன்று, வலைக்காரர்களிடம் சொல்லிவிட்டு இரண்டு வலைக்கழிகளைக் குறிவைத்தது. கீழ்க்கழியிலிருந்து காற்றை நேர் எதிர்த்து மேல்கழிக்கு 800 மீட்டர், எத்தனை நிமிஷம் என்பது கணக்கு. இரண்டு, போனில் தடம் பதியும் செயலி. ஆனால் ஏரியில் முகத்துவாரத்து ஓதம் இழுக்கும், அது போன் கணக்கைக் கெடுக்கும். அதனால் மூன்றாவது, ஒரு கயிறு. கயாக்கின் பின்முனை நடுவில் ஐந்து மீட்டர் மெல்லிய கயிற்றைக் கட்டி, நுனியில் நாலு முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் விட்டேன். கயாக் நேராகப் போனால் கயிறு நேர் பின்னால் நீளும். கயாக் ஓரமாக நழுவினால் கயிறு காற்று வருகிற பக்கமாகக் கோணும். கோணினது எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி நழுவல். மகளின் கோணமானியைப் பார்த்து ஒட்டுப்பலகையில் பெரிசாக ஒரு வில் வரைந்து பின்னால் ஒட்டியிருந்தேன். ஓதம் எப்படி இழுத்தாலும் கயிறும் கயாக்கும் ஒரே தண்ணீரில் இருப்பதால் கயிறு ஏமாறாது.

முதல் ஓட்டம், காய் நறுக்கும் பலகை. கயிறு 14, 15, அலை தூக்கும்போது 16 என்று ஆடியது. 41 நிமிஷம்.

இரண்டாவது, புதுப் பலகை. இங்கேதான் முதல் அடி. கட்டையை முன்னால் போட்டுப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன், ஏன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. கயாக்கின் மூக்கு காற்றை விட்டு விலகி விலகிக் கீழேயே போனது. சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பிடிவாதம். பாய் தள்ளுகிற இடம் முன்னால், பலகை பிடிக்கிற இடம் பின்னால் என்றால் மூக்கு காற்றோடுதான் போகும். கட்டிலின் ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து மறுமுனையைத் தள்ளினால் என்ன ஆகும், அது. இது வெறும் தொல்லை மட்டும் இல்லை, ஆபத்து. நீங்கள் சுக்கானை விட்டுவிட்டால் கயாக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். காற்றோடு ஓடுகிற மாதிரி இருந்தால், நீங்கள் தண்ணீரில் விழுந்த அன்றைக்கு அது உங்களை விட்டுவிட்டு ஆந்திராவுக்கோ கடப்பாக்கத்துக்கோ போய்விடும்.

கட்டையைப் பின்னால் மாற்றிப் பலகையை எட்டு சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கொஞ்சம் கஷ்டம். முதல் மாற்றம் சத்தத்தில். பழைய பலகை துளைக்குள் டொக் டொக் என்று அடித்துக்கொண்டே வரும், கீழே சுழியின் குமிழிச் சத்தம் இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. ஏதோ தப்பு, பலகை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. தொட்ட விரலில் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும், மூடிய பாத்திரத்தில் பால் காய்கிற மாதிரி. திரும்பிக் கயிற்றைப் பார்த்தேன். 6. கொஞ்ச நேரம் 7. மறுபடி 6.

ஒன்று மட்டும் பழக வேண்டியிருந்தது. காற்றுக்குக் குறுக்கே மூக்கைத் திருப்பி மறுபக்கம் வந்தவுடனே பழைய பழக்கத்தில் இழுத்துப் பிடித்தால் கயாக் அப்படியே பக்கவாட்டில் வழுக்கியது. பலகையின் பிடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பிடி கால்வாசி. அதனால் திருப்பினதும் கொஞ்சம் தளர்த்தி, ஓடவிட்டு, வேகம் வந்தபின் காற்றை நோக்கி ஏற வேண்டும். மாட்டு வண்டியை மேடு ஏற்றுகிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

26 நிமிஷம். காற்று கூடியதால்தானோ என்ற சந்தேகத்தில் மறுபடி பழசைப் போட்டு ஒரு தடவை, 38. மறுபடி புதுசு, 27. போதும்.

மூன்றாவது ஓட்டத்துக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. வடக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். போனில் ஆந்திரா உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அந்தப் பக்கத்துப் படகிலிருந்து ஒரு பையன் என் பைப்புகளையும் பாயையும் பார்த்து உரக்கக் கேட்டான், "இதி படவா?" எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்துப் படவா என்கிறான்? அவன் கேட்டது சுத்தத் தெலுங்கு: இது படகா? நியாயமான கேள்விதான்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டில் நண்டுக் குழம்பு. நான் கணக்கையெல்லாம் சொன்னேன். பதினைந்து டிகிரியில் ஒரு கிலோமீட்டர் போனால் 260 மீட்டர் ஓரமாகத் தள்ளிப் போயிருப்போம், ஆறு டிகிரியில் நூற்றுச் சொச்சம்தான் என்று தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். மாமா பலகையை எடுத்து, முன் விளிம்பில் கட்டை விரலை ஓட்டி, பின் விளிம்பில் ஓட்டி, "மீன் மாதிரிகீது" என்றார். அவரிடமிருந்து அதுக்கு மேல் வராது. அந்தக் குஷியில் நான் ஒரு காரியம் செய்தேன். மூலையில் கிடந்த பழைய எச்டிபிஇ துண்டை அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணுமா அத்தே?" என்றேன். "மீன் அரிய நல்லாருக்கும்" என்றாள். எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி, மார்ச் ராஜாவாக ஓட்டினேன். ஏரி வற்றத் தொடங்கியது என் கண்ணில் படவில்லை. கோடை வர வர நீர்மட்டம் இறங்கும், முகத்துவாரம் மணலில் தூர்ந்துவிட்டால் இன்னும் மோசம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, அதற்கு வடக்கே பல இடம் வெறும் உப்புத் தரையாகிவிடும். பூநாரைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே போதும், அவை நின்று மேய்கிற இடத்தில் என் பலகைக்கு வேலை இல்லை. ஜனவரியில் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தவை ஏப்ரலில் நான் ஓட்டுகிற வழியிலேயே நின்றன. அவற்றைக் கலைக்கக் கூடாது என்று சுற்றிப் போனேனே தவிர, ஏன் இங்கே நிற்கின்றன என்று யோசிக்கவில்லை.

கயாக்கின் அடி 12 சென்டிமீட்டர் தண்ணீரில், பலகை 70. மொத்தம் 82. மாமாவின் தொடை, நான் பின்னால் அளந்த வரையில், 68.

"கயித்த வுடு! மொதல்ல கயித்த வுடுடா!" என்று கத்திக்கொண்டே வந்தார். விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, சாய்வு நின்றது, அதுவரை இரும்பாக இறுகியிருந்த பலகை சுண்டுவிரலில் மேலே வந்தது. பாய் தள்ளுகிற வரைக்கும் பலகை துளையின் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்கும், இழுத்தால் வராது. முதலில் காற்றை விட வேண்டும், அப்புறம்தான் பலகை. புத்தகத்தில் படித்ததுதான். நெற்றி வீங்கியிருக்கும்போது புத்தகம் ஞாபகம் வருவதில்லை. அடிமுனை ஆளிச் சிப்பியில் மோதி, ஃபைபர் பிய்ந்து, உள்ளே பிளைவுட் தெரிந்தது. 400 நம்பர் உப்புத்தாள் போட்ட இடம்.

இந்த வகைப் பலகையின் குறையே இதுதான், நேராகப் போய் நேராக வரும், மடங்காது. பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரைக்கே இதைத் தலைமையிடமாக வைத்திருந்த டச்சுக்காரர்கள், அவர்கள் ஊரின் ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். தட்டைப் படகின் இரண்டு விலாவிலும் யானைக்காது மாதிரி பலகை, மேல்முனையில் ஒரே ஒரு ஆணியில் தொங்கும். தரை தட்டினால் அதுபாட்டுக்குப் பின்னால் மடங்கி எழும்பும். என் கயாக்கில் அதற்கு விலாவில் பைப் இடைஞ்சல். நடுவில் மடங்குகிற பலகை போட வேண்டுமென்றால் துளையை முக்கால் மீட்டருக்கு அறுக்க வேண்டும், பிளாஸ்டிக் உடம்பை அவ்வளவு அறுக்க எனக்குத் துணிவில்லை.

பாதி இறக்கி ஓட்டலாமே என்று அடுத்த வாரம் பார்த்தேன். 35 சென்டிமீட்டர் இறக்கினால் கயிறு 13, 14 காட்டியது, கிட்டத்தட்ட காய் நறுக்கும் பலகையின் கணக்கு. சரி, பரவாயில்லை என்று பார்த்தால் மேலே மிச்சப் பலகை ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பாயின் அடிக்கழி வந்து அதில் மோதியது. மூன்றாவது தடவை மோதியதில் கழியின் பிளாஸ்டிக் மூடி தண்ணீரில் போய்விட்டது. மாமா சொன்ன யோசனைதான் உதவியது. தரை நெருங்கும்போது, முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், அடிச்சேறு பலகை நுனியை உரசும். அந்த அதிர்வு மேலே கைக்கு வரும். "கழி ஊணறவனுக்கு கை சொல்லும். நீ கைய எடுத்துட்டு போனப் பாத்துனு இருந்தா?" இப்போது ஒரு கை எப்போதும் பலகைத் தலையில். பலகையின் மேற்பகுதியில் மார்க்கர் பேனாவால் முழங்கால், தொடை, இடுப்பு என்று மூன்று கோடும் போட்டிருக்கிறேன். அளவு மாமாவுடையது.

ஆனால் கோடைக்கு இது ஆகாது என்று தெரிந்துவிட்டது. குட்டையாக, அகலமாக, மோதினால் வளைந்து கொடுக்கிற, சிப்பி கீறினாலும் கவலைப்படாத, மேலே நீட்டிக்கொண்டு நிற்காத ஒரு பலகை வேண்டும். அப்படி ஒன்று செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்து மடவை அரிந்துகொண்டிருந்தாள், அதன் மேல்தான். மூன்று மாதத்தில் நடுவில் கத்திக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, கீறலெல்லாம் மஞ்சள் ஏறி, ஓரத்தில் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. மேலே கயிறு கோக்க இருந்த ஓட்டையில் ஒரு ஆணி மாட்டிச் சுவரில் தொங்கவிட வசதி பண்ணியிருந்தாள்.

"அத்தே, அந்தப் பலகை..."

"இன்னா?"

"கொஞ்சம் வேணும். கோடை முடியற வரைக்கும்."

கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: "குட்த்தத திருப்பிக் கேக்கற பழக்கம் உங்கம்மா வூட்ல கெடையாதே மாப்ளே."

மாமா உள்ளே இருமிக்கொண்டே சிரித்தார். பேரம் அரை மணி நேரம். முடிவில், இதே கனத்தில் இதே அகலத்தில் வேறொன்று கொண்டுவந்து கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் பார்த்துத்தான் என்றாள்.

தொழிற்சாலையில் கழிவுத் துண்டுகளில் 25 மில்லிமீட்டர் எச்டிபிஇ ஒன்று கிடைத்தது, சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்தேன். நாலு மூலையும் உருட்டி, ஓட்டை போட்டு, புத்தம் புதுசாகப் பளபளவென்று அடுத்த ஞாயிறு கொண்டுபோய் நீட்டினேன். அத்தை அதைத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கவிழ்த்து வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு பெரிய மடவையைப் போட்டுத் தலையில் கத்தியை வைத்து ஓங்கித் தட்டினாள். மீன் வழுக்கிக்கொண்டு திண்ணையைத் தாண்டிப் போய் விழுந்தது, பூனை அதற்காகவே காத்திருந்த மாதிரி வந்தது.

"வயுக்குது. கொரகொரன்னு இருக்கணும்" என்று பலகையை என் பக்கம் தள்ளினாள்.

பைக் பெட்டியில் 80 நம்பர் உப்புத்தாள் இருந்தது. திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு தடவை வாங்கிப் பார்த்து, இன்னும் என்று திருப்பிக் கொடுத்தாள்.